சேது நாட்டுப் பழஞ்செல்வம்

"தண்ணீரில்லாக் காடு" என்பது எம் சீமைக்குப் பிற சீமையார் இட்டு வழங்கும் பெயர். உத்தியோகத்திற் பிழை செய்தாரை இராமநாதபுரத்துக்கு மாற்றிவிடுவர் என்பதும் நாடறிந்த நகைமொழியாம். ஒருநாள் விடுதியில் உணவு கொள்ளுங்கால், காவிரிக் கரையினின்று வந்த நண்பர் ஒருவர், "நும் திருவாடானைப் பக்கத்தில் உடைமரமும் பனைமரமும் உப்புக்காற்றும் அன்றிப் பிறிது யாதுளது?" என வினவினார். யாம் சில கோயிற்பெயர்களையும் சேதுபதி மன்னர் சிலர் பெயரையும் விரைந்து அடுக்கினோம். அப்பொழுது எதிரில் இருந்த மற்றொரு நண்பர், "நீவிரோ கிறிஸ்தவர். சேதுபதிகளின் பெருமையை நீவிர் பேசுவது எங்ஙனம் பொருந்தும்? ஓரியூரில் அருளானந்தரைத் தலைகொய்வித்தவர் அக்குலத்து மன்னர் அல்லரோ?" என்றார். முதல் வினா எமக்குச் சினத்தையே விளைத்தது. இரண்டாம் வினாவோ அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. என்னை? யாம் பிறந்த சிற்றூர் ஓரியூருக்கு நடந்து செல்லுந் தொலைவில் உள்ளது. அருளானந்தர் திருநாளும் எமக்குரியது, சேதுபதி வெட்டுவித்த ஊருணி நீரும் யாம் பருகி வளர்ந்தது. இவ்விரண்டனுள் ஒன்றை மறுத்தே மற்றொன்றைக் கொள்ளல் வேண்டுமோ? இவ்வினாக்களுக்கு விடை தேடிய அளவில் எமக்குப் புலப்பட்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

சேது என்னுஞ் சொற்கு அணை என்பது பொருள். இராமேசுவரத் தீவுக்கும் ஈழத்து மன்னார்த் தீவுக்கும் இடையே கடலில் வரிசையாகக் கிடக்கும் மணற்றிட்டுகளை இராமபிரான் கட்டிய அணையென இராமாயண மரபு கொள்ளும். அவ்வணைக்குக் காவலராய் நின்றமையின் இந்நாட்டு மன்னர் சேதுபதிகள் எனப்பட்டனர். அவர் ஆண்ட நிலம் சேது நாடு எனப்பட்டது. கிழக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இதன் வேலிகள். ஆங்கிலர் காலத்தில், 1910-ஆம் ஆண்டில், மதுரை திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. அது 1985-ல் மூன்றாகப் பிரிந்தபொழுது திருவாடானை பழைய பெயருடைய மாவட்டத்தோடே நின்றது.

கோயில்களைப் பற்றி நீட்டி எழுதுதல் எம் நோக்கமன்று. தலபுராணங்களும் வழிகாட்டி நூல்களும் அதனைச் செய்துள்ளன. பாண்டி நாட்டில் தேவாரம் பெற்ற தலங்கள் பதினான்கு என்றும், அவற்றுள் திருவாடானையும் இராமேசுவரமும் உளவென்றும், மாணிக்கவாசகர் நெஞ்சங் கவர்ந்த உத்தரகோசமங்கையும், திருமங்கையாழ்வார் பாடிய திருப்புல்லாணியும் இந்நாட்டனவே என்றும் கூறிச் செல்வோம். திருவாடானைக்கு அணித்தேயுள்ள அனுமந்தக்குடியில் சமணர் கோயில் ஒன்றும் உளது. பலர் இதனை அறியார். எம்மூர்ப் பெயரைக் குறித்து மட்டும் ஒரு சொல் கூறுதும். வருணன் மகன் ஒருவன் துர்வாச முனிவரை இகழ்ந்து, ஆட்டுத்தலையும் யானையுடலும் பெற்று, இத்தலத்து இறைவனை வழிபட்டு உய்ந்தான் என்றும், ஆடும் ஆனையும் சேர்ந்து ஆடானை ஆயிற்று என்றும் புராணம் கூறும். பெயர் முன்னரே வழங்கியிருக்க, அதனை விளக்கக் கதை பின்னர் எழுந்தது என்பதே எம் கருத்து. எனினும் கோயிற்றூணில் ஆட்டுத்தலை யானையைத் தேடித் திரியும் சிறுவர்க்கு எம் கருத்தால் ஆவதொன்றில்லை.

காவிரிக்கரை நண்பருக்கு யாம் முதலிற் காட்ட விரும்புவது கோயிலன்று, கண்மாய். ஆற்றுநீர் ஆண்டு முழுதும் ஓடும் நாட்டார்க்கு நீர் என்பது வருவது. எம்மவர்க்கோ அது தேக்கப்படுவது. எம் நாட்டில் ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழையே மழை. வைகையோ மேற்கே பல ஊர்களின் வயல்களை நனைத்துவிட்டு, எஞ்சியது உளதாயின் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் வந்து அடங்கும். கடலைக் காண்பது அரிது. ஆகவே இரண்டு திங்கள் பெய்யும் நீரைப் பன்னிரண்டு திங்களுக்கு வைத்துக்கொள்ளும் வித்தையை எம் முன்னோர் கற்றனர். நிலம் மேற்கிருந்து கிழக்கே மெல்லச் சரிவது. அச்சரிவுக்குக் குறுக்கே பிறைத்திங்கள்போல் வளைந்த மண்கரையை இடுவர். வரத்துக்கால் வழியே வந்த நீர் உள்வாயில் தங்கும். மடைகள் வழியே அது வயலுக்குப் பாயும். மிகுந்த நீர் கலுங்கு வழியே வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தபின் அதற்கடுத்ததற்குச் செல்லும். கோடையில் உள்வாய் வற்றியவுடன் படிந்த கரம்பையை வெட்டி வண்டியிலேற்றி வயலிலிடுவர். அதனாற் கண்மாய்க்கு ஆழமும் வயலுக்கு உரமும் ஒருங்கே கிடைத்தன. இதனை வகுத்தவன் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை.

இவ்வகைக் கண்மாய்களுள் தலையாயது இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பது அதனைப் பற்றிய எம் நாட்டுப் பழமொழி. மடைகள் நாற்பத்தெட்டு, கரையோ ஒரு முனையில் எழுந்த நாரை இளைப்பாறாது மறுமுனை சேரவொண்ணாத அத்துணை நீளம் என்பது கருத்து. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் பெயரால் ஊரும் ஏரியும் விளங்குகின்றன. சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டை அளித்தவன் இவனே; பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையிற் சங்கம் வைத்ததும் பாண்டியர் செயல்களாகக் கூறும் அச்செப்பேட்டைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். இம்மன்னன் முதற் பராந்தக சோழனுக்குத் தோற்று ஈழத்துக்கு ஓடினான். ஆங்கும் நிலைக்கமாட்டாது, தன் முடியையும் குலதனங்களையும் அந்நாட்டிலேயே விட்டுச் சேரநாடு சென்றான். அம்முடியைப் பின்னர் இராசேந்திர சோழன் படைகள் கைக்கொண்டன என்று சோழர் கல்வெட்டுகள் பெருமிதத்தோடு கூறும். முடியின் கதை அவ்வளவில் முடிந்தது. அவன் பெயரிட்ட ஏரியிலோ ஆயிரத்து நூறு ஆண்டுகட்குப் பின்னும் மழைக்காலத்தில் நீர் நிற்கின்றது.

ஏரி தானே நிற்பதன்று. அதனை நிறுத்தியவை குடிமராமத்தும் நீர்பாய்ச்சியின் கண்ணும் ஆம். வீட்டுக்கோர் ஆளாகக் கரையில் மண்ணிடுதலும் வரத்துக்கால் தூர்வாருதலும் ஊர்க்கடமைகளாக இருந்தன. எந்நாள் எம்மடை திறப்பது, எவ்வயலுக்கு எத்துணை நாழிகை நீர் என்பவற்றை நீர்பாய்ச்சி அறிவான். பழைய மடைகள் சிலவற்றில் அடைப்பைத் திறக்க ஆழ்ந்த நீருள் மூழ்கிச் செல்லவேண்டியிருந்தது. மூழ்கியவன் மீண்டு எழும் வரை கரையிலுள்ளார் மூச்சடக்கி நின்றனர் என்று எம் பாட்டனார் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆங்கிலர் 1858-ல் இக்கடமையைச் சட்டமாக எழுதிவைத்தனர். வழக்கம் தளரத் தொடங்கியபின்னரே அதற்குச் சட்டம் வேண்டப்படும் போலும்! ஜமீன்தாரி முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின் கண்மாய்கள் அரசாங்கத்தின் பொறுப்பாயின. இன்று உள்வாய்கள் பலவற்றுள் சீமைக்கருவேல் காடாக எழுந்து நிற்கின்றது.

நீருக்காக எம்மவர் எவ்வளவு தொலைவு சிந்தித்தனர் என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. மலைநாட்டில் மேற்கு நோக்கி ஓடி வீணே கடல் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையிற் சேர்த்தல் கூடுமோ என்று ஆராயுமாறு, 1789-ல் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பினார். பொருட்செலவு மிகப் பெரிதென்று அம்முயற்சி கைவிடப்பட்டது. அதனை 1895-ல் முடித்துக் காட்டியவர் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர். அவரை மதுரைப் பக்கத்தார் இன்றும் தெய்வமாகவே போற்றுகின்றனர். போற்றுக, அது தகும். முத்திருளப்ப பிள்ளையையும் ஒருகால் நினைப்பாராக.

நிலம் தந்தது இவ்வளவாக, கடல் தந்தது மிகப் பெரிது. வைகை கடலொடு கலக்குமிடத்து அழகன்குளத்தில் 1986-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகத் தொல்பொருள் துறையினர் நடத்திய அகழாய்வுகளில் உரோமக் காசுகளும், மேல்நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், கப்பலுருவம் கீறிய பானையோடு ஒன்றும் வெளிப்பட்டன. சங்கநூல்களில் யவனர் மரக்கலங்களைப் படிக்குங்கால் அவற்றைப் புலவர் கற்பனையென மயங்குவார்க்கு இப்பானையோடே விடை. இடைக்காலத்தில் இதே கரையிற் பெரியபட்டினம் சிறந்து விளங்கியது. ஆங்குச் சீனத்துப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. உரோமர் வரவு நின்றபின் அராபியரும் சீனரும் வந்தனர். கரை ஒருநாளும் தனித்திருந்ததில்லை.

அவ்வாறு வந்த தொடர்பினின்று வளர்ந்தவரே தொண்டியிலும் கீழக்கரையிலும் வாழும் மரைக்காயர். இவர்கள் அராபியர் வாணிகத்தோடு இசுலாமைப் பெற்றவர். மொழியால் முற்றுந் தமிழர். கீழக்கரைப் பழைய ஜும்மாப் பள்ளிவாசலின் கற்றூண்களைக் காண்பார், கோயில் மண்டபத்துள் நிற்கின்றோமோ என ஐயுறுவர். சிற்பியின் உளி அவ்விரண்டிடத்தும் ஒன்றே. சேதுபதிகள் ஏர்வாடித் தர்காவுக்கு நிலங்கள் வழங்கியதை அறியாதார் எம் நாட்டில் இலர். கீழக்கரைப் பெருவணிகர் சீதக்காதி வள்ளலோ கிழவன் சேதுபதிக்கு உற்ற நண்பர். விஜயரகுநாதர் என்னும் அரசர் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் உரிமை பெற்றவர். எட்டயபுரத்து உமறுப்புலவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாற் சீறாப்புராணம் பாடத் தொடங்கியது இவர் ஆதரவிலேயே. "செத்துங் கொடுத்தான் சீதக்காதி" என்னும் பழமொழியை எச்சமயத்துத் தமிழரும் தம் வாயிற் கொண்டுள்ளனர். அவர் எச்சமயத்தார் என்று எண்ணிப் பார்ப்பார் எத்துணையர்?

இனிச் சேதுபதிகள். மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர், ஏறத்தாழ 1605-ல், சேது யாத்திரிகரைக் கள்வரினின்று காத்தற்பொருட்டு உடையான் சேதுபதியை இந்நாட்டுக்குத் தலைவராக்கினார். அவர் வழியில் வந்த திருமலை சேதுபதி என்னும் இரகுநாதர் (1645-1676) படையாலும் கொடையாலும் புகழ்பெற்றவர். அவர்மீது பாடப்பெற்ற அமிர்தகவிராயரின் ஒருதுறைக்கோவை தமிழ் மாணாக்கர்க்கு ஒரு வியப்பு. தலைவி நாணத்தாற் கண்ணைப் புதைத்துக்கொள்ளும் ஒரே துறையின்மேல் நானூறு செய்யுள்! இருபதாஞ் செய்யுளுக்குமேல் எமக்கு அயர்வு தோன்றியது என்பதை மறையாது கூறுவோம். ஆயினும் அதனை அமர்ந்து கேட்ட அவையின் பொறுமையும் தமிழார்வமும் எத்துணை என்றே மலைக்கின்றோம். நிரம்ப அழகிய தேசிகர் பாடிய சேது புராணமும் இந்நாட்டின் கடலையும் தீர்த்தங்களையும் பாடுவதே. தாயுமானவர் தம் இறுதிக் காலத்தை இராமநாதபுரத்திற் கழித்து அங்கேயே அடங்கினார்.

இராமேசுவரத்து மூன்றாம் பிராகாரத்தைக் கண்டார் எவரும் மறவார். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு தூண்கள் இருமருங்கும் நிற்க, முடிவு காணாது நீளும் அப்பாதை பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவெய்தியது. மணலும் பவளப்பாறையும் அன்றிப் பிறிதில்லாத தீவுக்கு அத்துணைக் கற்களையும் கடல் கடத்திக் கொணர்ந்தனர் என்பதை எண்ணுந்தோறும் தூண்கள் இன்னும் உயர்கின்றன. அக்கோயிலில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் திருப்பணியும் உண்டு. அவர்தம் காசிலும் "சேது" என்னுஞ் சொல்லே பொறிக்கப்பட்டது. ஒரு சொல்லை இருகரையாரும் தம் முத்திரையாகக் கொண்டனர். இப்பிராகாரத்தை முடித்த மன்னரைக் கும்பினியார் 1795-ல் அரியணையினின்று இறக்கினர். அவர் சென்னையிற் சிறையிருந்து 1809-ல் மறைந்தார். இராமேசுவரத்திற் பிராகாரத்தில் அவர் உருவச்சிலை நிற்கின்றது.

பிற்காலத்துச் செய்திகளை விரைந்து கூறுவோம். பாஸ்கர சேதுபதியின் ஊக்கமும் துணையும் பெற்று 1893-ல் சிகாகோ நகரத்துச் சமயப் பேரவைக்குச் சென்ற விவேகானந்தர், மீண்டு 1897-ஆம் ஆண்டு ஜனவரி 26-ல் இந்திய மண்ணில் முதன்முதல் அடிவைத்தது பாம்பன் கரையில். அக்குலத்து உறவினராகிய பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவினார்; தமிழ்ப் பட்டப் படிப்பிற் பயிலும் எம்மனோர் கையிலுள்ள ஏடுகள் பலவும் அச்சங்கத்துக்குக் கடப்பாடு உடையன. பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது 1964 டிசம்பரில். கோயிலும் மாதாகோயிலும் புகைவண்டி நிலையமும் ஒரே இரவில் இடிந்தன.

இனி இரண்டாம் நண்பரின் வினா. வரலாற்றை உள்ளவாறே கூறுவோம். அருளானந்தர் என்று தமிழர் வழங்கும் ஜான் தெ பிரிட்டோ 1647-ல் லிஸ்பன் நகரில் உயர்குடியிற் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாய் மதுரை மிஷனுக்கு வந்து, காவியுடுத்து, புலால் மறுத்து, தமிழ் பேசி வாழ்ந்தார். 1686-ல் மறவர் நாட்டிற் பிடிபட்டுப் பெருந்துன்பங்களுக்கு உள்ளானார். அப்பொழுது அவரைத் தம்முன் வரவழைத்து வினாவிய கிழவன் சேதுபதி, இனி இந்நாட்டிற் போதித்தலாகாது என எச்சரித்து உயிரோடு விடுத்தார். இதனை எம்மவர் பலர் சொல்வதில்லை. ஐரோப்பா சென்று 1690-ல் மீண்டு வந்த அருளானந்தர் மறவர் நாட்டுக்குள் மறுபடியும் புகுந்தார். அந்நாளில் தடியத்தேவர் என்னுந் தலைவர் கொடுநோயினின்று நீங்கி ஞானஸ்நானம் வேண்டினார். ஒரு மனைவியோடன்றி வாழ்தல் கூடாது என்னும் நெறிப்படி, அவர் ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அழுகையோடு அரண்மனை சென்றார். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில், பாம்பாற்றங்கரை மேட்டில், அருளானந்தர் வெட்டுண்டார். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது. அம்மேட்டு மணல் செந்நிறமானது. அவர் குருதியாற் சிவந்தது என்பர் அடியார்.

சிறுவயதில் இவ்வரலாற்றை யாம் கேட்டது மறைக்கல்வி வகுப்பில். அங்கே மன்னர் கொடியவர், வேறொன்றுமில்லை. பின்னர் இராமநாதபுரத்து அரண்மனையில் இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைக் கண்டோம். அம்மாளிகையை எழுப்பியவரும் அதே கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை அமைத்தவரும், மதுரை நாயக்கரின் மேலாண்மையினின்று நாட்டை விடுவித்தவரும், சீதக்காதிக்கு நண்பரும் அவரே. அன்று எம் நெஞ்சம் இருகூறாயிற்று. ஆண்டுகள் சில சென்றபின், தடியத்தேவர் அரியணைக்கே உரிமையுடைய கிளையினர் என்று மிஷனரிமாரே எழுதியிருத்தலைக் கண்டபொழுது ஒரு சிறிது தெளிவு பிறந்தது. மறவர் நாட்டிலே மணவுறவு என்பது படையுறவும் ஆகும். உரிமைப்போட்டியாளன் ஒருவன் அரசர்வீட்டுப் பெண்ணை விலக்கி, அயல்நாட்டுத் துறவியின் சொற்படி ஒழுகத் தொடங்கினால், அதனைச் சமயச் செய்தியாக மட்டும் கொள்ள எவ்வரசரால் இயலும்? இது கூறியதனாற் கொலையை யாம் அறமென்று சொன்னோமில்லை. அருளானந்தர் தாம் அறிந்தே சென்று உயிர் கொடுத்தார். சேதுபதி அஞ்சியே அதனைக் கொண்டார். விலக்கப்பட்ட அப்பெண்மணியின் துயரத்தைப் பற்றி இருதிறத்தாரும் ஒருவரி எழுதினாரிலர். எமக்கு அதுவே இக்கதையில் ஆறாத பகுதி.

இத்தகைய இடர்ப்பாடு எம் நாட்டுக்கே உரியதன்று என்பதைக் கல்லூரி நூல்நிலையத்து அமெரிக்க வரலாற்று நூலொன்றால் அறிந்தோம். அந்நாட்டின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ என்றொரு மாகாணம் உண்டு. மழை அருகிய பீடபூமி; எம் சீமையைப்போலவே வறண்டது. பச்சை மண்ணிற் கற்களறுத்து வெயிலில் உலர்த்தி, அடுக்கடுக்காக வீடு கட்டி வாழ்பவர் அந்நாட்டுத் தொல்குடியினராகிய பியூப்லோ மக்கள். 1598-ல் ஸ்பானியர் அங்குக் குடியேறினர். பிரான்சிஸ்கன் துறவியரும் உடன் சென்றனர். பல்லாண்டுகள் வரியும் கூலியில்லா வேலையும் சுமத்தி, மழை வேண்டி ஆடும் பழைய ஆடல்களையும் தடுத்தமையால், 1680-ல் போப்பே என்பவர் தலைமையில் அம்மக்கள் ஒருங்கு கிளர்ந்தெழுந்தனர். இருபத்தொரு துறவியர் கொல்லப்பட்டனர். ஸ்பானியர் பன்னிரண்டாண்டு அந்நாட்டைவிட்டு விலகியிருந்தனர். அவர்கள் போரிட்டு மறுபடியும் தலைநகராகிய சாந்தா ஃபேயைக் கைப்பற்றியது 1693-ஆம் ஆண்டின் இறுதியில். ஓரியூரில் அருளானந்தர் வீழ்ந்த அதே ஆண்டு! ஆனால் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. அருளானந்தர் படையொடு வந்தாரல்லர். வரி தண்டவும் இல்லை. ஓரியூரில் வாள் மன்னர் கையில் இருந்தது. அங்கோ துறவியர்க்குப் பின்னே ஸ்பானியர் துப்பாக்கி நின்றது.

எம் கருத்தைக் கவர்ந்தது அதன் பின் நிகழ்ந்தது. இன்றும் அவ்வூர்களில் ஊருக்குரிய புனிதரின் திருநாளன்று காலையிற் கோயிலிற் பூசை நடக்கும். பின்னர் மன்றத்திலே முரசு அதிர, தடுக்கப்பட்ட மரபினின்று வந்த சோளக்கதிர் ஆடலை அதே மக்கள் ஆடுவர். துறவியர் பலர் மாண்டதற்குத் தலைமை தாங்கிய போப்பேயின் உருவச்சிலையைத் தம் மாகாணத்தின் சார்பில் வாஷிங்டன் நகரத்துச் சட்டமன்ற மாளிகையில் 2005-ல் நிறுவினர். கிறிஸ்தவர் மிகுந்த மாகாணம் அது என்பதை நோக்குக. மற்றுமொன்று. அங்கே ஊரார் கூடி வெட்டிப் பேணும் நீர்க்கால்களுக்கு அசேக்கியா என்று பெயர். அச்சொல் அராபியரிடமிருந்து ஸ்பானியர் பெற்றது. இளவேனிலில் நிலமுடையார் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஆள்விட்டுக் கால்வாயைத் தூர்வாருவர். ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவர் நீர்முறை வகுப்பார். அதாவது குடிமராமத்தும் நீர்பாய்ச்சியும்! பல்லாயிரங் காதத்துக்கு அப்பால் எம் பாட்டனார் கதையைப் படித்ததுபோல் இருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் ஓரியூர்க் கோயிலுக்குச் சென்றபின், மறுநாள் இராஜசிங்கமங்கலம் சென்று கண்மாய்க்கரைமீது நடந்தோம். உள்வாய் வெடித்துக் கிடந்தது. கரைப்பனையின் நிழலில் அமர்ந்திருந்த நீர்பாய்ச்சிப் பெரியவர் ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்றார். "ஓரியூர்ப் பக்கம், ஐயா" என்றோம். "அருளானந்தர் கோயில் ஊரா? என் பேத்திக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தபோது அங்கேதான் செம்மண் எடுத்துவந்து நெற்றியில் பூசினோம். பிறகு திருவெற்றியூர் பாகம்பிரியாளுக்கும் நேர்ந்துகொண்டோம். எது கேட்டதோ, பிள்ளை எழுந்துவிட்டாள்" என்று சிரித்தார். யாம் படிக்கும் படிப்பு யாது என்று கேட்டார், கூறினோம். "இந்தக் கண்மாயை வெட்டிய ராசாவைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா?" என்றார். சோழனுக்குத் தோற்று ஈழத்துக்கு ஓடியதையும், முடி அங்கே போனதையும் சொன்னோம். பெரியவர் சற்று நேரம் உள்வாயைப் பார்த்தபடி இருந்தார்.

"கிரீடம் போனால் போகட்டும் தம்பி. கையில் காகிதம் வைத்திருக்கிறீரா? இரண்டு மடைக்குப் பலகை இற்றுப்போய்விட்டது. ஐப்பசிக்குள் மாற்றாவிட்டால் தண்ணீர் நிற்காது. ஒரு மனு எழுதிக் கொடும்."

பனைநிழலில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். யாம் முதலில் எழுதிய இலக்கணச் செந்தமிழ் அவருக்கு விளங்கவில்லை; கிழித்துவிட்டு இரண்டாம் முறை எளிதாக எழுதினோம். மடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைந்நாட்டு வைத்தார். திருவாடானைப் பேருந்து வரும் வரை எஞ்சிய மடைகளின் பெயரையும் கேட்டு எம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். முப்பத்தொன்று வரை வந்தபொழுது பேருந்து வந்துவிட்டது.